கீழே பார்க்கச் சொல்ல மறந்தேன்

நரம்பியல் மேற்படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த நோயாளி மெதுவாக நடந்தார், உடம்பு விறைப்பாக இருந்தது. பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டேன். "எப்போதிலிருந்து விழுகிறார்?" என்றார் தேர்வாளர். நான் கேட்கவில்லை. "கீழே பார்க்கச் சொன்னீர்களா?" அதுவும் இல்லை. நோய் தொடங்கிய முதல் வருடத்திலேயே பின்பக்கமாக விழ ஆரம்பித்தவர் அவர். கண்கள் கீழே இறங்கவில்லை. ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் 1964-இல் விவரித்த பிஎஸ்பி நோய், பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறொரு மூளைச் சிதைவு. அந்த முறை நான் ஃபெயில்.

தப்பு கண்ணில் மட்டும் இல்லை. அசைவை ஓர் அத்தியாயமாகவும் ஞாபகத்தை வேறோர் அத்தியாயமாகவும் படித்திருந்தேன். அதே நோயாளியிடம் மூன்று தடவை கை தட்டச் சொன்னால் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போவார், தொடங்கியதை நிறுத்தும் மூளைக் கட்டுப்பாடும் கெட்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த முறைக்கு வேறு மாதிரி தயாரானேன். நோயாளி உள்ளே வரும்போதே எந்தக் கை வீசவில்லை, திரும்ப எத்தனை அடி எடுக்கிறார் என்று பார்ப்பேன். விரல் தட்டச் சொன்னால் பத்து முறையாவது தட்ட விடுங்கள். வேகம் குறைவது மட்டும் போதாது, விரல் விரியும் வீச்சு போகப் போகச் சுருங்குகிறதா என்பதுதான் முக்கியம். மோகா என்ற நினைவு, சிந்தனைப் பரிசோதனையில் 30-க்கு 22 என்று எழுதிவிட்டு நகராதீர்கள். ஒருவர் ஐந்து சொற்களையும் மறந்திருப்பார், குறிப்புக் கொடுத்தாலும் வராது. இன்னொருவர் கடிகாரம் வரைவதில் கோட்டை விட்டிருப்பார், சொற்களோ குறிப்புக் கொடுத்ததும் வந்துவிடும். இரண்டும் 22, நோய் வேறு. இளம் வயதில் நடுக்கம் என்றால், உடலில் செம்பு சேரும் வில்சன் நோயைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள். மருந்து இருக்கிற நோய் அது.

லெவி பாடி டிமென்ஷியா, பார்க்கின்சன் போன்ற அசைவுக் குறைகளோடு வரும் மறதி நோய். மறதி அந்தக் குறைகளுக்கு முன்போ, அவை தொடங்கி ஒரு வருடத்துக்குள்ளோ வந்தால்தான் அந்தப் பெயர் என்ற ஒரு வருட விதியை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். வார்டில் அதைவிட அவசரமானது, அந்த நோயாளி இரவில் கத்தினால் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை எழுதாமல் இருப்பது, அது இவர்களுக்கு ஆபத்து. இரண்டாம் தேர்வில் எனக்கு வந்த நோயாளியின் மனைவியிடம்தான் முதல் கேள்வி கேட்டேன்: தூக்கத்தில் கை காலை வீசுவாரா? "பத்து வருஷமாக" என்றார். பார்க்கின்சன், லெவி பாடி நோய்களுக்குப் பல வருடம் முன்பே வரக்கூடிய அறிகுறி அது. பாதித் தேர்வு அங்கேயே முடிந்தது.

அப்புறம் ஃபெலோஷிப், மேற்படிப்புக்குப் பின் வரும் சிறப்புப் பயிற்சி. ஆராய்ச்சியும் வேண்டும் என்றால் புள்ளியியலை முன்பே கற்றுக்கொள்ளுங்கள். நான் தரவு கையில் வந்தபின் கற்றேன், முதல் கட்டுரை திரும்பி வந்தது. ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டுப் பாருங்கள், பார்க்கின்சன் தீவிரத்தை அளக்கும் யுபிடிஆர்எஸ் மதிப்பெண் எவ்வளவு விலகுகிறது என்று தெரியும்.

சேரும் இடத்தில் மூளைத் திசு ஆய்வுக் கூட்டம் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். எங்கள் குழு கார்டிகோபேசல் சிதைவு (பெரும்பாலும் ஒரு பக்கக் கையை முதலில் பாதிக்கும் அரிய மூளை நோய்) என்றே வைத்தியம் பார்த்த ஒருவர் இறந்தபின் பார்த்தால், அவர் மூளையில் இருந்தது அல்சைமர். ஸ்லைடு திரைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் அவருடைய பழைய மோகா தாள்களை எடுத்துத் திரும்ப முதலிலிருந்து படித்தேன்.