பறக்கவிடாமல் திரும்பிய காலை
இன்று காலை எனது மாதிரி விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசையும் தகடான எலிவேட்டரை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தபோது, கீலின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று தென்பட்டதால், பறக்கவிடாமலேயே திரும்பிவிட்டேன். காற்றில் அது முறிந்திருந்தால், மூக்கைத் தூக்கவோ தாழ்த்தவோ வழியின்றி விமானம் எங்கு விழுந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இந்தச் சோதனையைப் போலவே மின் இணைப்பிலும் கவனம் தேவை: ரிமோட்டை முதலில் இயக்கிய பிறகே விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது பேட்டரியைக் கழற்றிய பிறகே ரிமோட்டை நிறுத்த வேண்டும். பேட்டரி இணைந்த நொடியிலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலக்கூடும் என்பதால், கையை அதன் அருகில் கொண்டுசெல்வதே இல்லை. லித்தியம் பாலிமர் பேட்டரியை முழு மின்னேற்றத்தில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், நாள்கணக்கில் விட்டுவைத்தால் அது உப்பிக் கெடக்கூடும்; ஆகவே, வீடு திரும்பியதும் அதை 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் கீலைக் கழற்ற உட்கார்ந்தேன்.