கேட்சரின் கையுறை எத்தனை முறை நகர்ந்தது

சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெக்சாஸிலிருந்து அத்தான் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகன், கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் பணம் கட்டிச் சேரும் ஒருநாள் பேஸ்பால் தேர்வு முகாமுக்குப் போய் வாங்கி வந்த அளவீட்டுத் தாள் அது. ஃபாஸ்ட்பால் மணிக்கு 82 மைல், 60 கஜ ஓட்டம் 7.3 விநாடி, அவ்வளவுதான். அதன் கீழே அத்தான் எழுதியிருந்த வரி அன்று முழுவதும் என்னை விடவில்லை: “இவன் அணியிலேயே இன்னொரு பையன் 88 போடுகிறான். இதற்கு மேல் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும்.”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பெங்களூரில், அல்சூர் வீட்டில் இருந்துகொண்டு, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் ஆட்டங்களை வீடியோவில் பந்து பந்தாகப் பார்த்துக் குறிப்பெடுத்துத் தரும் வேலையை ஏழு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். டெக்சாஸில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் வசந்த காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை மணி. சோமேசுவரர் கோயில் மணியோசை கேட்கும் நேரத்தில்தான் என் முதல் இன்னிங்ஸ் பெரும்பாலும் தொடங்கும்.

82 மைல் என்பது மணிக்கு ஏறத்தாழ 132 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் ஓடி வந்து இந்த வேகத்தில் வீசும் பதினாறு வயதுப் பையனை நாம் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம். பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர் ஓடி வருவதில்லை. மேட்டில் நின்றபடி, முழங்கையை மடக்கி நீட்டி, 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு எறிகிறார். கிரிக்கெட்டில் 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாத முழங்கைதான் அங்கே வேகத்தின் ஊற்று. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் சராசரி ஃபாஸ்ட்பாலே 94 மைலை ஒட்டி இருப்பதால், 82 என்ற எண் அங்குள்ள எந்தப் பெரிய கல்லூரியின் கண்ணையும் இழுக்காது. அத்தானின் கவலையில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

ஆனாலும் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன் காட்டுவது ஒரு கையின் வலிமையை மட்டுமே. 2008இல் இந்தியா முழுவதும் ரேடார் கன்னோடு அலைந்து நடத்தப்பட்ட ஒரு போட்டியில், பேஸ்பாலையே அறியாத ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமெரிக்காவில் பயிற்சி பெற்று, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தார்கள். அது பெரிய சாதனை. நான் அதை இன்றும் வியக்கிறேன். ஆயினும் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. கை இருந்தது, பத்து வயது முதல் ஆயிரக்கணக்கான பேட்டர்களுக்கு எறிந்து படியும் பாடத்துக்கு அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. அந்தப் பாடம் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைக் கண்டறிவதுதான் மதிப்பீட்டின் பெரும்பகுதி என்பது என் கருத்து.

ஆகவே அத்தானிடம் நான் கேட்டது, இசை சேர்த்து வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத் தொகுப்பை அல்ல. அவன் எறிந்த ஏதாவது ஓர் ஆட்டத்தை, தொடக்கம் முதல் அவன் மேட்டைவிட்டு இறங்கும் வரை, வெட்டாமல் அனுப்பச் சொன்னேன். ஐந்து இன்னிங்ஸ், 71 பந்துகள். மூன்று முறை பார்த்தேன். முதல் முறை பிட்சரையே பார்ப்பதில்லை என்பது என் பழக்கம். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைத்தான் பார்ப்பேன். கேட்சர் ஓரிடத்தில் கையுறையை வைத்துக் காட்டுகிறார். பந்து அங்கே வந்தால் கையுறை அசையாது. வழி தவறினால் அது ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். 71 பந்துகளில் 22 முறைதான் கையுறை தன் அகலத்துக்கு மேல் நகர்ந்தது. பதினாறு வயதில் இது சாதாரணம் அன்று. என் குறிப்பேட்டில் 88, 90 மைல் போடும் பையன்கள் பலருக்கு அது பாதிப் பந்துகளுக்கு மேல் நகர்ந்திருக்கிறது.

இரண்டாம் முறை மூன்றாவது இன்னிங்ஸை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அடுத்தடுத்து இரண்டு பேருக்கு வாக், அதாவது நான்கு தவறான பந்துகளுக்கு ஈடாக அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் உரிமை, கொடுத்து பேஸில் நிறுத்திவிட்டான். இரண்டாவது வாக்கின் கடைசிப் பந்து அம்பயரின் தவறான தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில்தான் நான் உண்மையில் உட்கார்ந்து பார்க்கிறேன். கோபம் வந்த பையன் அடுத்த பந்தை முழு வேகத்தில் எறிவான், அது நடுவில் போய் நிற்கும், அடி வாங்குவான். இவன் கேட்சரை அழைத்து ஏதோ பேசினான், மேட்டின் மண்ணைக் காலால் சமன் செய்தான், அடுத்து ஒரு சேஞ்ச்-அப் எறிந்தான். ஃபாஸ்ட்பாலின் அதே கை வேகம், பந்து மட்டும் பத்து மைல் மெதுவாக. பேட்டர் முன்கூட்டியே சுழற்றித் தரையில் உருட்ட, இரண்டு அவுட். முகாமில் தந்த தாளில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அணிகளுக்காகத் திறமையைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் இடுவார்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் எழுத வேண்டும்: இன்று எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. இரண்டாவது எண்ணில்தான் வேலையின் கடினம் முழுவதும் இருக்கிறது. டெக்சாஸில் செப்டம்பர் முதல் தேதியை வைத்துப் பள்ளி வகுப்பைக் கணக்கிடுகிறார்கள். என் மருமகன் ஆகஸ்ட்டில் பிறந்தவன், வகுப்பிலேயே இளையவர்களில் ஒருவன். 88 போடும் பையன் அவனைவிடப் பத்து மாதம் மூத்தவன், தோளும் தொடையும் முற்றியவன். மருமகனுக்கோ மணிக்கட்டு இன்னும் மெலிந்திருக்கிறது, காலணி அளவு ஓராண்டில் இரண்டு எண் கூடியிருக்கிறது, அத்தான் ஆறடி. மூத்தவனின் 88ஐ இளையவனின் 82உடன் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியான நிறுவை ஆகாது. மூத்தவன் குறைந்தவன் என்று இதற்குப் பொருள் இல்லை. அவன் 88 உண்மையான 88தான்.

எனக்கு மனம் பதறியது வேறோர் இடத்தில். அந்த ஆட்டத்தின் தேதியையும் முகாமின் தேதியையும் ஒப்பிட்டபோது, இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 61 முதல் 75 பந்து எறிந்தால் மூன்று நாள் ஓய்வு வேண்டும். ஆண்டில் நான்கு மாதமாவது போட்டிகளில் எறியாமல் இருக்க வேண்டும். பள்ளி ஆட்டங்களுக்குப் பந்து எண்ணிக்கை வரம்பு 2017 முதல் பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயமாகியிருக்கிறது. பள்ளிக்கு வெளியே, வார இறுதிப் போட்டிகளிலும் தேர்வு முகாம்களிலும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டியவர்கள் பெற்றோர்தாம். 1974இல் மேஜர் லீக் பிட்சர் டாமி ஜானின் முழங்கைத் தசைநாரை ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் மாற்றி அமைத்ததும், அவர் திரும்பி வந்து மேலும் 164 ஆட்டங்களை வென்றதும் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அறுவைக்கு இன்று பள்ளிப் பையன்களும் படுக்கிறார்கள் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இதில் நான் கடுமையாகப் பேசுவதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. பெங்களூர் ஆர்பிஏஎன்எம்எஸ் மைதானத்தில் வேகப்பந்து வீசி வளர்ந்தவன் நான். பதினேழு வயதில் ஒரே வாரத்தில் பள்ளிக்கும் கிளப்புக்கும் மாறி மாறி வீசி, முதுகெலும்பில் விரிசல் வந்து, எட்டு மாதம் படுத்தேன். எத்தனை ஓவர் வீசினேன் என்று எண்ண அன்று ஒருவரும் இல்லை.

கல்லூரி நிலவரத்தையும் அத்தானிடம் மறைக்காமல் சொன்னேன். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் ஒரு பேஸ்பால் அணிக்கு நெடுங்காலம் 11.7 முழு உதவித்தொகைகளே இருந்தன. அதைப் பிய்த்துப் பிய்த்து 27 பேர் வரை பகிர்ந்துகொண்டார்கள். 2025ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பணம் கூடலாம், இடம் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கும் வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே ஆடி நிரூபித்த இருபத்தோரு வயது வீரர் மாறிவரத் தயாராக நிற்கிறார். இந்த நிலையில் மெதுவாக வளரும் பையனுக்கு ஏற்றவை, இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும், விளையாட்டு உதவித்தொகை தராவிட்டாலும் படிப்புக்கு உதவி தரும் டிவிஷன் மூன்று கல்லூரிகளும்தாம் என்பது என் கணிப்பு. எப்படியும் டிவிஷன் ஒன்றுக்குக் குறிக்கப்பட்ட 16 பாடங்களை அவன் முடித்தாக வேண்டும். அதில் அக்கா கவனமாக இருக்கிறாள்.

அலுவலகத்துக்கு எழுதும் அதே படிவத்தில்தான் மருமகனுக்கும் எழுதினேன். ஃபாஸ்ட்பால் இன்று 25, நாளை 45. கட்டுப்பாடு இன்று 40, நாளை 55. உறவுக்காக ஓர் எண்ணைக்கூட உயர்த்தவில்லை. அவனே தொலைபேசியில் அழைத்து, “மாமா, கர்வ்பாலுக்கு ஏன் எண்ணே போடவில்லை?” என்று கேட்டான். அவர்கள் கேமராவை முதல் பேஸ் பக்கமிருந்து பிடித்திருந்ததால், வளைந்து விழும் அந்தப் பந்து எங்கே திரும்புகிறது, எவ்வளவு விழுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை என்றேன். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை பந்தைத் தொடப்போவதில்லை என்று அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பிப்ரவரியில் பள்ளி ஆட்டங்கள் தொடங்கும்போது, அத்தான் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலைக்கு அருகே கேமராவை நிறுத்தி அனுப்புவார். கர்வ்பாலின் கட்டத்தை அதுவரை காலியாகவே விட்டிருக்கிறேன்.