பயிர்க்காவல் துவக்கும் அப்பாவின் பெர்மிட்டும்

ஒன்பது மாதம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு பன்னிரண்டு போர் (12-bore என்ற குழல் அளவு) துவக்கு எடுக்க எனக்கு இவ்வளவு காலம் போனது. துவக்குப் பார்க்க மூன்று கிழமைதான். மிச்சமெல்லாம் ஒரு கடதாசிக்காக அலைந்தது. வன்னியில் என்னைப் போல பெர்மிட் காணியில், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில், வயல் செய்கிறவர்கள் விண்ணப்பம் கொடுக்கமுன் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வயல் ஏ9க்குக் கிழக்கே, காட்டோரம். போன காலபோகத்தில் கதிர் முற்றும் நேரம் பன்றி இறங்கி ஒரே இரவில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டது. பரணில் இருந்து தகரம் தட்டினோம், யானைவெடி போட்டோம். இரண்டு நாள் விலகி நின்றுவிட்டு மூன்றாம் நாள் அதே வரம்பால் வந்தன.

விதானையாரின் சிபாரிசு, கமநல சேவை நிலையத்தின் வயல் பதிவு, பொலிஸ் அறிக்கை எல்லாம் சுணக்கமில்லாமல் கிடைத்தன. காணியில்தான் இடறியது. “ஐயா, பெர்மிட் அப்பாவின் பேரில் இருக்கு. அவர் இல்லை. அப்ப இது உங்கள் வயல் என்று நாங்கள் எப்படி எழுதுறது?” என்று கேட்டார் பிரதேச செயலகக் காணிக் கிளை லிகிதர். கேள்வி நியாயமானது. ஆனால் என்னிடம் இருந்தது மடிப்பில் எழுத்தழிந்த ஒரு போட்டோக் கொப்பி மட்டும். மூலப் பிரதி 2009இல், முள்ளிவாய்க்காலுக்கும் செட்டிகுளம் முகாமுக்கும் இடையில் எங்கோ போய்விட்டது. அதைச் சொன்னேன். “மூலப் பிரதி இல்லாமல் ஏலாது” என்று கோவையைத் திருப்பித் தந்துவிட்டார். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டாம் முறை போனால் பொறுப்பான உத்தியோகத்தர் வெளிக்களத்தில். மூன்றாம் முறை அவர் லீவு. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி, இரண்டு பஸ்.

வழி இருந்தது. காணிக் கிளையிலேயே பெர்மிட் பேரேடு இருக்கிறது. யாருக்கு, எந்த இலக்கத்தில், எவ்வளவு காணி என்று அதில் பதிந்திருக்கும். அந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், வாயால் கேட்டு நிற்க வேண்டாம். எனக்கு இதைச் சொன்னது அங்கே வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணை. பேரேட்டில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவர் பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவர், என்று யாரையும் பதியவில்லை. அப்படியென்றால் உரிமை முதலில் துணைக்கு, அதாவது அம்மாவுக்கு. அம்மாவின் சம்மதக் கடிதத்தையும் அப்பாவின் மரணச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கோவை கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, நகர்ந்தது.

இனித் துவக்கு. கனடாவில் இருக்கும் மச்சான் சவேஜ் அக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் என்று விலை குறைந்த றைபிள்களைப் பற்றித்தான் கதைப்பான். 100 யாரில் (கெஜத்தில்) மூன்று குண்டையும் ஒரு அங்குலத்துக்குள் போடலாமாம். இங்கே வயற்காவலுக்குக் கிடைப்பது சன்னத் துவக்கு, ஒரு தோட்டாவில் பல சிறு குண்டுகள் சிதறிப் போவது. அதில் தூரத்தைத் தீர்மானிப்பது குழல் வாயின் சோக், அதாவது வாயில் இருக்கும் ஒடுக்கம். முழுச் சோக் என்றால் 40 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 வீதமளவு சன்னம் விழவேண்டும். சோக்கே இல்லாத குழலில் 40 வீதம்தான்.

கைமாற்ற இரண்டு துவக்கு இருந்தது. ஒன்று ஒரு பெரியவரின் இங்கிலாந்து இரட்டைக்குழல். செதுக்கு வேலையும் வாதுமைப் பிடியுமாக, கண்ணை எடுக்க முடியாத சாமான், விலையும் குறைவு. குழலைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடியில் 2½ அங்குலம் என்று குத்தியிருந்தது. அது 65 மில்லிமீற்றர் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தின் நீளம். அவர் பெட்டியில் வைத்திருந்த தோட்டா 70. உள்ளே போகும், பூட்டவும் பூட்டும். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் கூடும். பழைய குழல் எந்த வெடியில் பிளக்கும் என்று சொல்ல முடியாது. “இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகேல்லையே தம்பி” என்றார். இனி அதைப் போடவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுவிட்டு வந்தேன்.

மற்றது ரஷ்யத் தயாரிப்பு பைக்கால் ஒற்றைக்குழல், 70 மில்லிமீற்றர் அறை. பார்க்க முரடு. பொலிஸில் சொல்லிவிட்டு, அறுவடை முடிந்த வயலில் குளக்கட்டு மண்ணைப் பின்னுக்கு வைத்து, பசளைப் பையில் பேப்பர் ஒட்டி, கயிறும் கரியும் கொண்டு வட்டம் கீறினோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து வயல் அண்ணையின் இரட்டைக்குழலையும் கேட்டோம். அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள்தான் சுட்டார்கள், நான் எண்ணினேன். நாலாம் நம்பர் தோட்டாவில் ஏறத்தாழ 190 சன்னம். 40 யாரில் பைக்காலில் வட்டத்துக்குள் 128 ஓட்டை, அண்ணையின் வலக்குழலில் 83. எஸ்ஜி என்ற பெரிய சன்னத் தோட்டாவில் இருப்பதே ஒன்பது சன்னம். பைக்காலால் 40 யாரில் ஆறு விழுந்தது, 60இல் இரண்டு. 60 யாரில் பன்றிக்குச் சுட்டால் அது காயத்தோடு காட்டுக்குள் போய்க் கிடந்து சாகும், அல்லது காலையில் தண்ணி கட்டப் போகிறவன்மேல் பாயும். நான் 40 யாரில் வரம்போரம் ஒரு வெள்ளைத் தடி நட்டிருக்கிறேன். அதற்கு அப்பால் நிற்கிற பன்றிக்கு வெடி இல்லை.

கைமாற்றத்துக்கு அனுமதி வரமுன் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், ஒரு இரவுக்கும் வேண்டாம். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடிகிறது. கடைசிக் கிழமையில் கச்சேரியில் நிற்க இடம் இருக்காது, மழையில் பாதையும் மறிக்கும். நான் நவம்பர் முதல் கிழமையே போகிறேன். கோவையின் முதல் தாளாக அந்தப் பேரேட்டுப் பிரதியை வைத்திருக்கிறேன், பொலித்தீன் உறை போட்டு.