தொட்டிக்கு ஒரு கரை வேண்டும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நீர்வண்டுகளுக்காக 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. காவிரித் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, அப்புறம் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடிகளை நட்டேன். மீன் விடவில்லை, விட்டால் வண்டுப் புழுக்கள் மிஞ்சாது. வண்டுகளை எங்கிருந்தும் பிடித்து வரவில்லை, அவையே பறந்து வந்தன. தண்ணீரின் மினுமினுப்பைப் பார்த்துத்தான் இறங்குகின்றன. மூன்றாவது வாரம் முதல் வண்டு வந்தது, பச்சைப்பயறு அளவுகூட இல்லை.

முதலில் எல்லாம் ஒரே வகை என்று நினைத்தேன். மூச்சு வாங்க மேலே வரும் விதத்தைக் கவனித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. ஒன்று பின்புறத்தை நீர்மட்டத்தில் நீட்டி, தலைகீழாகத் தொங்கும். இறக்கை உறைக்கு அடியில் காற்றை அடைத்துக்கொண்டு கீழே போகும். அது டைட்டிசிட் குடும்பம். பின்னங்கால் இரண்டையும் துடுப்புபோல ஒரே வீச்சில் தள்ளும். இன்னொன்று தலைப்பக்கமாக வந்து உணர்கொம்பை நீட்டிக் காற்று வாங்கும். அது ஹைட்ரோஃபிலிட் குடும்பம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அதன் வயிற்றடியில் இருக்கும் காற்று வெள்ளி முலாம் பூசியதுபோல மின்னும். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் ராத்திரி மாடியேறுகிறேன். கால்களை மாற்றி மாற்றிப் போடுவதால், நீந்துகிறது என்பதைவிட நடக்கிறது என்றே சொல்லலாம்.

கீழ்வீட்டுப் பாட்டி, "கொசு மண்டும்பா, கவிழ்த்துடு" என்றார்கள். டைட்டிசிட் புழு அரிவாள் தாடையால் கொசுப்புழுவைக் கவ்வி உறிஞ்சுவதைக் காட்டினேன். "சரி, இருக்கட்டும்" என்று போனார்கள். அதை மட்டும் நம்பாமல் மிச்சக் கொசுப்புழுக்களை நான் வலையால் அள்ளிவிடுகிறேன்.

ஆனால் வளர்ந்த வண்டுப் புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறி ஏறி வழுக்கி விழுந்தன. நான்கு நாளில் ஐந்து செத்து மிதந்தன. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. தண்ணீரில் வளர்ந்தாலும் இவை கூட்டுப்புழு ஆவது ஈர மண்ணுக்குள். என் தொட்டியில் கரையே இல்லை!

இரண்டு செங்கல்மேல் ஒரு மண்சட்டி வைத்து, செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் நிரப்பினேன். தண்ணீரிலிருந்து சட்டி விளிம்புக்கு ஓர் ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்தேன். மறுநாளே ஒரு புழு ஓட்டில் ஏறி மண்ணுக்குள் புகுந்தது. அப்புறம் இன்னும் இரண்டு. மண்ணைக் கிளறிப் பார்க்கக் கை பரபரத்தது. தொடவில்லை, ஈரம் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை மண்ணில் ஒரு சிறு துளை. ஓட்டின் நிழலில், இன்னும் முழுதாக நிறம் ஏறாத வண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டாவது சட்டிக்கு மண் சலித்து வைத்துவிட்டேன்.