மாருதி எஸ்டீம் காரோட டேப்பட் கவர் லீக்: ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை

முதல்ல வாடை தான் வந்துச்சு. கிண்டி சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா போதும், ஏசி வழியா கருகின எண்ணெய் வாடை உள்ள வரும், பக்கத்துல நிக்கிற லாரியோடதா இருக்கும்னு நெனச்சுட்டேன், ஆனா தாம்பரம் வந்து வீட்டு போர்டிகோல நிறுத்தினப்புறமும் அதே வாடை, பானெட்ட தூக்கினா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகை வெளிய போற சூடான குழாய்) பக்கத்துல இருந்து லேசா புகை. மறுநாளே ஒரு அட்டைப்பெட்டியப் பிரிச்சு வண்டிக்கு அடியில விரிச்சு வெச்சேன். காலையில பாத்தா பழைய எட்டணா அளவுக்கு ரெண்டு துளி, கருப்பா.

வண்டி அப்பா 2003ல வாங்கின எஸ்டீம். 16 வால்வு எம்பிஎஃப்ஐ (பெட்ரோல பீய்ச்சி அடிக்கிற) இன்ஜின், 1298 சிசி, 85 பிஎச்பி, எடை கம்மிங்கறதால இன்னிக்கும் மூணாவது கியர்ல அப்படி இழுக்கும். என் தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில தான், அதனால இதை வித்துடலாம்னு யார் சொன்னாலும் எங்க வீட்ல காதுல போட்டுக்க மாட்டாங்க.

ஒரு ஒர்க்ஷாப்ல காட்டினேன். லிஃப்ட்ல ஏத்தி அடியில டார்ச் அடிச்சுட்டு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல ஈரமா இருக்கு சார், கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும், இறக்கறதோட இறக்கறதா கிளட்சும் மாத்திடலாம், 14000 ஆகும்னாங்க. மேல ஒரு தடவை கூட எட்டிப் பாக்கல. அது தான் எனக்கு உறுத்துச்சு. எண்ணெய் மேல இருந்து கீழ தானே வரும், ஓடுற வண்டியில காத்து வேற அடிச்சு இழுத்துட்டுப் போகும், சொட்டுற இடத்தையே லீக் ஆகுற இடம்னு எப்படி முடிவு பண்றது? யோசிச்சு சொல்றேன்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த சனிக்கிழமை இன்ஜின் ஆறினப்புறம் டிகிரீசர் அடிச்சு பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு, துடைச்சு, நல்லா காய விட்டுட்டு, முகத்துக்குப் போடுற டால்கம் பவுடர டேப்பட் கவர் (இன்ஜினோட மேல் மூடி) ஓரம் பூரா, அதுக்குக் கீழ இருக்கிற ஹெட், அதுக்கும் கீழ பிளாக், கியர்பாக்ஸ் சேர்ற இடம் வரைக்கும் தூவினேன் (பெல்ட் பக்கம் மட்டும் போகாம பாத்துக்கணும்). வண்டலூர் வரைக்கும் போயிட்டு வந்து திறந்து பாத்தா, கியர்பாக்ஸ் பக்கத்து மூலையில கவருக்கு அடியிலேயே ஆரம்பிச்சு, ஹெட் ஓரமா இறங்கி, பிளாக் மேல ஒரே கோடா வழிஞ்சு, கடைசியா கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல போய் தொங்கிட்டு இருக்கு. நெத்தியில பூசின விபூதி வேர்வையில கரைஞ்சு இறங்கின மாதிரி அவ்வளவு தெளிவா தெரியுது. அப்பாவக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு "டேய், அப்ப கியர்பாக்ஸ் இறக்க வேணாம்ல"ன்னாரு.

டேப்பட் கவர்னு மெக்கானிக்குங்க சொல்றது தான் வால்வு கவர். இன்ஜினுக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்கும், உள்ள வால்வத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டும் ராக்கர் ஆர்மும் எண்ணெய்ல நனைஞ்சுகிட்டே வேலை செய்யும், அந்த எண்ணெய் வெளிய வராம இருக்க ஓரத்துல ஒரு ரப்பர் பேக்கிங். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வருஷக்கணக்கா நடந்தா எந்த கம்பெனி ரப்பரா இருந்தாலும் இறுகிப் போகும். இந்த 16 வால்வு இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கவருக்கு நடுவுல குழிக்குள்ள இருக்கறதால, குழியச் சுத்தி இருக்கிற சீல் போச்சுன்னா எண்ணெய் பிளக் மேலயே தேங்கி, பிளக் கேப்போட ரப்பர் ஊறி, வண்டி உதற ஆரம்பிக்கும். மேட்டுல ஏறுறப்ப எனக்கு ஒரு மாசமா இருந்த உதறல் இதனால தான்னு கவரத் திறக்கறப்ப தான் தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை காலையில பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஆரம்பிச்சேன். பிளக் ஒயர் ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி 1, 2, 3, 4ன்னு எழுதிட்டு தான் உருவினேன், இத மட்டும் சோம்பல் படாம செஞ்சுடுங்க. மூணாவது பிளக் குழியில அரை விரல் உயரத்துக்கு எண்ணெய். இத அப்படியே விட்டுட்டு பிளக்கக் கழட்டினா மொத்தமும் சிலிண்டருக்குள்ள இறங்கிடும், அதனால மருந்துக்கடையில வாங்கின சிரிஞ்சுல ஒரு டியூப் மாட்டி முழுசா உறிஞ்சி எடுத்துட்டு, துணி சுத்தின குச்சியால துடைச்சுட்டு தான் பிளக் மேல கைய வெச்சேன்.

கவர் போல்ட் எல்லாம் 10ம் நம்பர். கழட்டறப்பவே தெரிஞ்சுது, யாரோ பலத்தையெல்லாம் போட்டு இறுக்கியிருக்காங்க. ரப்பர் மேலட்டால நாலு பக்கமும் லேசா தட்டி கவரத் தூக்கினா பேக்கிங் வடாம் மாதிரி பட்டு பட்டுனு உடைஞ்சு வருது, அதுக்கு மேல சிவப்பா சிலிக்கான் பேஸ்ட். முன்னாடி எப்பவோ சர்வீஸுக்கு விட்டப்ப, லீக்குன்னு பேக்கிங் மாத்தாம பழசு மேலயே பேஸ்ட் அப்பி, அப்படியும் நிக்கலன்னு போல்ட்ட இறுக்கி விட்டிருக்காங்க. கவர மண்ணெண்ணெய்ல கழுவித் துடைச்சு வெயில்ல புரட்டிப் பாத்தப்ப தான் அந்த மூலை போல்ட் ஓட்டைய ஒட்டி முடி மாதிரி ஒரு விரிசல் தெரிஞ்சுது. பழைய ஜன்னல் கண்ணாடி ஒண்ணு கிடந்தது, அது மேல கவரக் கவுத்து வெச்சா அந்த மூலைக்கு அடியில ஒரு பேப்பர் துண்டு தாராளமா நுழையுது. அதாவது இறுக்க இறுக்க கவர் வளைஞ்சிருக்கு, வளைய வளைய லீக் அதிகமாயிருக்கு. வெறும் பேக்கிங் மாத்தி மூடியிருந்தா பத்து நாள்ல மறுபடியும் அதே துளி தான்.

கேம்ஷாஃப்ட்டப் பாத்ததும் மனசு லேசாச்சு. எல்லா இடமும் டீ டிகாஷன் கலர்ல ஒரு மெல்லிசான பூச்சு, கேம் முகம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது, ஒரு கீறல் இல்ல. அப்பா 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாம ஆயில் மாத்தினது அங்க எழுதி வெச்ச மாதிரி தெரிஞ்சுது. தூசி விழாம சுத்தமான துணியால மூடி, அதுக்கு மேல பாலித்தீன் கட்டி வெச்சுட்டேன்.

நடுவுல ஒரு நாள் லீவு போட்டுட்டு, பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய கவர கையிலயே எடுத்துட்டுப் போனேன், ஏன்னா எஸ்டீம்னு மட்டும் சொன்னா பழைய கார்புரேட்டர் மாடலோட 8 வால்வு கவர எடுத்து நீட்டிடுவாங்க, அது இதுல உக்காரவே உக்காராது. மூணாவது கடையில ஒருத்தர் "இன்னா சார், எஸ்டீமா, இன்னும் ஓட்டினுகிறியா"ன்னு கேட்டுட்டு மேல் பரண்ல இருந்து ரெண்டு எடுத்துப் போட்டாரு. கடை கண்ணாடி ஷோகேஸ் மேலயே வெச்சுப் பாக்கலாமாண்ணேன்னு கேட்டேன், தாராளமா பாருன்னாரு. ரெண்டாவது கவர் துளிகூட ஆட்டம் இல்லாம உக்காந்துச்சு, 900 சொன்னாரு, 700க்கு வாங்கிட்டேன். அங்கிருந்து புது பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜிபி ரோடு போய் புது பேக்கிங், பிளக் குழிக்கு நாலு சீல், போல்ட் வாஷர், ஒரு பிசிவி வால்வு.

பிசிவி எதுக்குன்னா, இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸ் இன்டேக் பக்கம் போற வழி அது தான். அது அடைச்சுகிட்டா உள்ள பிரஷர் ஏறி, எந்தப் பேக்கிங் வீக்கா இருக்கோ அங்க எண்ணெயத் தள்ளும். கழட்டி குலுக்கினா உள்ள டக் டக்னு சத்தம் வரணும், என்னுது ஊமையா இருந்துச்சு.

அடுத்த ஞாயிறு பாதி நாள் சுத்தம் பண்றதுக்கே போச்சு. ஹெட் அலுமினியம், ஸ்க்ரூடிரைவரால சுரண்டினா கோடு விழுந்து அதுவே புது லீக் ஆயிடும், அதனால பழைய ஏடிஎம் கார்டால பேஸ்ட்ட கொஞ்சம் கொஞ்சமா நெம்பி எடுத்து, கடைசியா தின்னர் துணியால துடைச்சேன். ஒரு துணுக்கு கூட உள்ள விழக்கூடாது, விழுந்தா ஆயில் போற வழியில மாட்டிக்கும். புது பேக்கிங்க கவர் காடியில விரலால சுத்தி சுத்தி அமுக்கி, மூலை திரும்புற இடத்துல மட்டும் பட்டாணி அளவு சிலிக்கான், வேற எங்கயும் இல்ல. போல்ட்ட எல்லாம் முதல்ல கையால, அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா எதிரெதிரா மூணு சுத்துல, இறுக்கற அளவைக் காட்டுற டார்க் ரென்ச்சுல 10 நியூட்டன் மீட்டர். கையில பிடிச்சா இவ்வளவு தானான்னு இருக்கும், அவ்வளவு தான். ரப்பர் அமுங்கினா போதும், நசுங்கக் கூடாது.

ராத்திரி முழுக்க சிலிக்கான் காய விட்டு, காலையில சாவியத் திருப்பினதும் முதல் சுத்துலயே பிடிச்சுது. உதறல் இல்ல. மிச்சம் ஒட்டியிருந்த எண்ணெய் எரியற வரைக்கும் மேனிஃபோல்ட்ல பத்து நிமிஷம் புகை வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு.

மூணு வாரம் ஆச்சு. அந்த அட்டைய எடுக்க அப்பா இன்னும் விடல, தினமும் பேப்பர் எடுக்க வெளிய வரப்ப டார்ச் அடிச்சு குனிஞ்சு பாக்கறாரு. நேத்து சாயங்காலம் நான் வண்டிய நிறுத்திட்டு உள்ள போறதுக்குள்ள "டேய், இங்க வா"ன்னு கூப்பிட்டாரு. ஓடிப்போய் பாத்தா துளித்துளியா ஈரம். விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டு, "ஏசி தண்ணி தாண்டா"ன்னு சொல்லிட்டு வேட்டியில கையத் துடைச்சுகிட்டாரு.