சிங்கத்தின் வாய்க்குள் இறங்கினால் கனவு வரும்

முதலில் அந்த ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. வேலூர் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் சிவன் கோயில் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் 550 ரூபாய் கேட்டார். மதியம் நடை சாத்திவிடுவார்களே என்ற அவசரத்தில் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட்டே இலவசம்! மொத்தப் பயணத்துக்கும் 1,500 ரூபாய்தான் ஒதுக்கியிருந்தேன், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சவாரியில் போய்விட்டது. நீங்கள் பஸ்ஸிலேயே போங்கள்.

சரி, போன காரணம். சில மாதங்களாக எனக்கு சர்ரியலிச ஓவியங்கள்மேல், அதாவது கனவில் வருவதுபோல் நிஜத்தில் இல்லாததை வரையும் ஓவியங்கள்மேல் பித்து. அந்த வகை ஓவியர் சால்வடார் டாலி கையில் கனமான சாவியோடு நாற்காலியில் கண்ணயர்வாராம், தூக்கம் பிடித்ததும் சாவி நழுவிக் கீழே இருக்கும் தட்டில் விழுந்து எழுப்பிவிடும், அதற்கு மேல் தூக்கம் வேண்டாம் என்பது அவர் கணக்கு. 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் கூட்டம் ஒரு விளையாட்டும் ஆடியது. ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்துக் கொடுக்க, அடுத்தவர் அதைப் பார்க்காமலே உடம்பை வரைவார், தாளை விரித்தால் ஒட்டாத பாகங்கள் சேர்ந்த விசித்திர உருவம் இருக்கும்.

வேலூர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் யாளியைப் பார்த்ததும் கூட வந்த தோழி, "இதுவும் அதேதான்டி" என்றாள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. எனக்கு அது ஒப்புதலில்லை. தாள் போனால் இன்னொரு தாள், கல்லில் ஓர் உளி தப்பினால் தூணே போச்சு. அங்கே தற்செயலுக்கு இடமே கிடையாது. ஆனாலும் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது நெஞ்சு திக்கென்றது, இப்படியொரு மிருகம் எங்கேயோ இருக்கிறது என்றே தோன்றியது. நகம், பல், பிடரி எல்லாம் அத்தனை சுத்தம். டாலியின் உருகி வழியும் கடிகாரங்களும் (1931) அப்படித்தான். 24க்கு 33 சென்டிமீட்டர்தான் அந்த ஓவியம், நோட்டுப் புத்தகம் அளவு, அதற்குள் அவ்வளவு நுணுக்கம். இல்லாததை நம்ப வைக்கக் கைவேலை பிசகாமல் இருக்க வேண்டும்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில்தான் நான் நிஜமாகவே அசந்துபோனேன். மதிலழகுக்குப் பேர்போன ஊர், நிழலை வைத்து மணி சொல்லும் கல்லும் உண்டு. ஆனால் நான் தேடிப்போனது சிம்ம தீர்த்தம். கல் சிங்கத்தின் திறந்த வாய்தான் வாசல், அதற்குள் படியிறங்கிப் போக வேண்டும். நான் போனபோது பூட்டியிருந்தது. கார்த்திகைக் கடை ஞாயிறு நள்ளிரவில் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதில் நீராடி, ஈரப் புடவையோடு கோயிலிலேயே படுப்பார்கள். கனவில் பூவோ பழமோ வந்தால் வரம் கிடைத்தது என்று நம்பிக்கை.

சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் அதன் 1924 கொள்கை அறிக்கையில், கனவும் நனவும் ஒருநாள் ஒன்றாகும் என்று எழுதினார். அதைப் படித்தபோது எவ்வளவு புதுசாக இருந்தது எனக்கு!

வெளியே பூ விற்ற அம்மாவிடம் அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று கேட்டேன். மல்லியைத் தொடுத்துக்கொண்டே, "எனக்கு எலுமிச்சம்பழம் வந்துச்சு பாப்பா, பையன் இப்ப ராணிப்பேட்டையில ஷூ கம்பெனிக்குப் போறான்" என்றார். அப்புறம் முழம் இருபது ரூபாய் என்றார். பேரம் பேசாமல் இரண்டு முழம் வாங்கிக்கொண்டேன்.