கையை வையுங்கோடா

1960களின் பிற்பகுதியில் எங்கள் கல்லூரியின் சென் ஜோன் அம்புலன்ஸ் முதலுதவி மாணவர் படையில் இருந்தவர்களுக்கு, சனிக்கிழமைக் காலைகளில் பழகிய ஹோல்கர் நீல்சன் முறை நினைவிருக்கும். டென்மார்க் இராணுவ அதிகாரி ஒருவர் 1932இல் வகுத்த அந்தச் செயற்கைச் சுவாச முறையில், மயங்கியவரைக் குப்புறக் கிடத்தி, மடித்த கைகளின் மேல் அவருடைய கன்னத்தைச் சாய்த்து, தலைமாட்டில் முழந்தாளிட்டுத் தோட்பட்டைகளை அழுத்தியபின் முழங்கைகளைத் தூக்க வேண்டும். மண்டபத்துச் சீமெந்துத் தரையில் நோயாளியாகக் கிடக்க விரும்பி முன்வந்தவர்கள் பெரும்பாலும் முதல்நாள் நித்திரை போதாதவர்களே.

நாங்கள் அதைப் பழகிக்கொண்டிருந்தபோது மருத்துவ உலகம் அதைத் தாண்டிப் போயிருந்தது. மயக்கத்தில் நாக்குப் பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிட்டால் முதுகை எவ்வளவு அழுத்தினாலும் காற்று உள்ளே போகாது என்பதையும், நாம் வெளிவிடும் மூச்சில் மீந்திருக்கும் ஏறத்தாழ 16 சதவீத ஒட்சிசனே இன்னொருவரின் உயிரைத் தாங்கப் போதும் என்பதையும் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் ஆகிய இரு மருத்துவர்கள் 1950களில் அமெரிக்காவில் நிறுவியிருந்தார்கள். நெஞ்சின் மேல் கைவைத்து அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கலாம் என்பதை, 1960இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த மூவர் எழுதி வெளியிட்டார்கள். இவையெல்லாம் எங்கள் படைப் பொறுப்பாசிரியரிடம் வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்று அவர் சொன்ன நாளில், எச்சில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தம் கைலேஞ்சியை எடுத்து விரித்து, "பேந்து யோசிக்கலாம், முதல்ல கையை வையுங்கோடா" என்றார்.

அதன் பயனை ஓர் ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கண்டோம். பிதிர்க்கடன் செய்ய வந்த கூட்டம் நிறைந்திருந்த கேணியிலிருந்து பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றச் சிலரும், தோளில் போட்டுச் சுழற்றச் சிலரும் முனைந்தபோது, ஆசிரியர் எல்லோரையும் விலக்கிவிட்டு, சிறுவனை மல்லாத்தி, நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைச் சரித்து, நாடியை, அதாவது முகவாயை, உயர்த்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, நெஞ்சு எழும்புமளவுக்கு மெதுவாக ஊதினார். சிறிது நேரத்தில் பையன் இருமி வாந்தியெடுத்தான். உடனே அவனை ஒருக்களித்துக் கிடத்தச் சொன்னார். நீரில் மூழ்கியவருக்கு முதலில் அற்றுப்போவது ஒட்சிசன். இதயம் சற்றுப் பிந்தியே நிற்கும். ஆகவேதான் அங்கே மூச்சு அத்தனை விரைவாகப் பலன் தந்தது. வயிற்றை அமுக்கியிருந்தால் உள்ளிருந்த சோறும் நீரும் சுவாசப்பைக்குள் போயிருக்கும்.

புலம்பெயர்ந்து இலண்டன் வந்தபின் தொண்டராக முதலுதவி வகுப்பெடுக்கத் தொடங்கியபோது முறைகள் மேலும் மாறின. 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்றிருந்தது, 2005இல் 30க்கு 2 என்றானது. இன்று வளர்ந்தவர் ஒருவர் திடீரென விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால், 999 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இடைக்கிடை வரும் கேவல் போன்ற மூச்சை உயிர்மூச்சென்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஊதப் பழகாதவர் அழுத்தினாலே போதும் என்பதும் சரிதான். ஏனெனில் திடீரென விழுந்தவரின் இரத்தத்தில் அந்நேரம் ஒட்சிசன் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகையை எங்கள் ஆட்கள் எல்லா இடத்துக்கும் பொதுவாக்கிவிட்டார்கள் என்பது என் குறை. நீரில் மூழ்கியவருக்கும் சிறுவர்களுக்கும் இங்கே முதலில் ஐந்து மூச்சு ஊதிவிட்டே அழுத்தத் தொடங்கச் சொல்கிறார்கள். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னம் நிறையக் காற்றளவே ஊத வேண்டும்.

எங்கள் விழா மண்டபங்களில் ஒருவர் மயங்கி விழுந்தால் இன்னமும் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், சோடா கேட்டு ஓடுகிறார்கள், கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கிறார்கள். சுற்றிலும் பட்டதாரிகள் நிற்பார்கள். நிலத்தில் முழந்தாளிட ஒருவரும் இருக்க மாட்டார். பட்டுவேட்டி கசங்கும் என்ற கவலையும் உண்டென்று நினைக்கிறேன். இங்கிலாந்துப் பள்ளிகளில் 2020 முதல் இந்த உயிர்காக்கும் முதலுதவி பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டதால், அத்தகைய வேளையில் தாத்தாவை விடப் பேரப்பிள்ளையே கூடுதலாகப் பயன்படக்கூடும்.

ஊரிலும் 2018 முதல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. எந்த நாட்டிலும் அது வந்துசேரும் வரையான நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருடையவை. நமது சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலுக்கு வருவோர் மைதானக் கட்டடத்தின் சுவரில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் இதய அதிர்வுக் கருவி இருக்கும் பெட்டியை வந்தவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகள் பூட்டியிருக்கும். திறக்கும் இலக்கத்தை 999இல் பேசுபவரே சொல்வார்.